ஓர் ஆளுக்கு எத்தனை தூண்டில்? தென்கடல் கரையின் ஒரு ஜெட்டியில் விதி பிறந்த கதை

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஒரு மீனவர் ஊரில் இது நடந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. தகராறில் எதிரெதிராக நின்றவர்கள் இன்றும் அதே ஜெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் பிடிக்கிறார்கள். அவர்களை மறுபடியும் மூட்டிவிடுவது என் நோக்கமில்லை. தூண்டில் போடுகிறவர் ஒரே நேரத்தில் எத்தனை தூண்டில் போடலாம் என்பது கேட்பதற்குச் சின்னக் கேள்வி. அதற்கு விடை எழுத ஊர்க் கூட்டம் மூன்று முறை கூடியது, மூன்று வரைவுகள் எழுதப்பட்டன, இரண்டு கிழிக்கப்பட்டன. எழுதும் வேலை என்னிடம் வந்ததால், ஒவ்வொரு வரைவும் எந்த இடத்தில் உடைந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். இதே கேள்வி இந்தக் கரையில் இன்னும் பல ஊர்களின் வாசலுக்கு வரப்போகிறது. ஆகவே விவரமாகப் பதிவு செய்கிறேன்.

ஜெட்டியில் நிற்பவர்கள்

மன்னார் வளைகுடாவை இங்கே தென்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கம் வடகடல். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் அது தலைகீழாகும். வாடை தொடங்கியதும் தென்கடல் ஜெட்டிகளில் கூட்டம் சேர்வதற்கு இதுதான் காரணம். தண்ணீர் தெளிந்திருக்கும், தூண்களின் நிழலில் ஓராவும் சிறு பாரையும் மேயும், கொஞ்சம் தள்ளி மணல் தரையில் கிழங்கான் கிடக்கும், மேல்தண்ணீரில் முரல் ஓடும்.

ஊர்க்காரர்களில் ஜெட்டியில் தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகும் வயதைக் கடந்த ஆண்கள், சில பெண்கள், பள்ளி விட்டு வரும் சிறுவர்கள். அவர்களிடம் இருப்பது கைத்தூண்டில்தான். பிளாஸ்டிக் பாட்டிலிலோ மரக்கட்டையிலோ சுற்றிய தங்கூசி என்னும் நைலான் நூல், நுனியில் ஈயம், ஒன்றிரண்டு முள், இரைக்கு இறாலோ சூடை மீன் துண்டோ. நூலைச் சுட்டுவிரலின் மேல் ஓடவிட்டு, மீன் கொத்துவதை விரலால் உணர்ந்து சுண்டி இழுப்பார்கள். கிடைப்பது வீட்டுக் குழம்புக்கு, மிஞ்சினால் விற்பனைக்கு.

வெளியூர்க்காரர்கள் மதுரையிலிருந்தும் ராமநாதபுரம் நகரத்திலிருந்தும் சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள். ராடு, ரீல், ராடு நிறுத்தும் ஸ்டாண்டு, நுனியில் மாட்டும் சிறு மணி எல்லாம் கொண்டுவருவார்கள். இவர்களில் பலர் மீன்பிடிப்பை உண்மையான ஈடுபாட்டோடு கற்றவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எந்த மீன் எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் நிற்கும் என்று ஊர்ச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. பிரச்சினை அவர்கள் வந்ததில் இல்லை. ஒவ்வொருவரும் நான்கு, ஐந்து, ஆறு ராடுகளை வரிசையாக நிறுத்திவிட்டு, மணி அடித்தால் போய்க்கொள்ளலாம் என்று நிழலில் உட்கார்ந்ததில்தான் இருந்தது. நான்கைந்து நண்பர்கள் ஒரு காரில் வந்தால் ஜெட்டியின் ஒரு பக்கம் முழுவதும் அடைபட்டுவிடும்.

மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. ஜெட்டியில் கட்டும் பைபர் படகுக்காரர்கள். தண்ணீரில் அறுந்து கிடக்கும் தங்கூசி எஞ்சினின் சுழலி அச்சில் சுற்றிக்கொண்டால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். பிறகு கியர் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போகும். அந்தச் செலவை யாரிடம் கேட்பது? கரையில் நிற்கிறவர்கள் போடும் தூண்டிலின் எண்ணிக்கை கடலுக்குப் போகிறவரின் பையைத் தொடுவது இந்த வழியாகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வாடைக் காலத்து ஞாயிறு ஒன்றின் காலை. ஒரு குழு இருபதுக்கும் மேற்பட்ட ராடுகளை ஒரு பக்கக் கைப்பிடி முழுவதும் சாய்த்து வைத்திருந்தது. இடம் கிடைக்காத ஊர்க்காரர்கள் ராடுகளுக்கு நடுவே கிடைத்த சந்துகளில் கைத்தூண்டிலை இறக்கினார்கள். ஆள் இல்லாத ராடு ஒன்றில் பெரிய மீன் விழுந்தது. பின்னால் பார்த்தால் திருக்கை. கொத்திய கணத்தில் யாராவது ராடைத் தூக்கியிருந்தால் அதை நேராக வெளியே இழுத்திருக்கலாம். மணி அடித்து, ஆள் ஓடிவந்து சேர்வதற்குள் திருக்கை ஜெட்டிக்குப் பக்கவாட்டில் ஓடிவிட்டது. குறுக்கே கிடந்த நூல்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அவற்றில் ஒன்று ஒரு முதியவரின் சுட்டுவிரலில் ஓடிக்கொண்டிருந்தது. திருக்கையின் இழுப்பில் இறுகிய தங்கூசி விரலை எலும்பு வரை அறுத்தது.

விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே அவர் அந்த இளைஞரைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, உன் ராடு எது என்று உனக்கே தெரியவில்லை. மணி அடித்தால் வருகிறாய். அதுவரை அதை யார் பார்ப்பது?”

இளைஞர் பதறித்தான் போயிருந்தார். ஆனால் சுற்றிலும் சத்தம் கூடியதும் தற்காப்பாகப் பேசிவிட்டார்: “ஐயா, இது அரசாங்கம் கட்டிய ஜெட்டி. இத்தனைக்கு மேல் போடக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?”

அன்று நடந்த தள்ளுமுள்ளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதியவருக்குத் தையல் போடப்பட்டது, செலவை அந்தக் குழுவே ஏற்றது, காவல் நிலையம் வரை போகவில்லை. ஆனால் இளைஞர் கேட்ட கேள்வி ஊரில் தங்கிவிட்டது. கோபத்தில் கேட்ட கேள்விதான், ஆனாலும் நியாயமான கேள்வி. எங்கே எழுதியிருக்கிறது?

சட்டம் எதை எண்ணுகிறது

நம் கரைக்கு உரிய சட்டம் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன் உடலும் உயிரும் படகுதான். படகைப் பதிவு செய்வது, உரிமம் கொடுப்பது, விசைப்படகு கரையை ஒட்டி வராமல் தடுப்பது, நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் கரைக்கடலைக் காப்பது ஆகியவை அதன் வேலை. எழுபதுகளில் இழுவைப் படகுகள் பெருகியபோது நாட்டுப்படகு மீனவர்களின் வலைகள் கிழிந்து, கரையெங்கும் மோதல் நடந்தது. அந்த மோதல்களின் பின்னணியில் எழுந்த சட்டம் படகை எண்ணுவதும் தூரத்தை அளப்பதும் இயல்பே. ஜெட்டியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் அதன் பார்வையில் விழவே இல்லை.

அதே சட்டம் ஒரு குறிப்பிட்ட பகுதியில் எந்த மீன்பிடிக் கருவியைப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலையும் இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி வலையும் தடை செய்யப்பட்டது கருவிகளைப் பற்றிய முடிவுதான். தூண்டிலும் ஒரு கருவி. ஆகவே அரசு நினைத்தால் இதற்கும் விதி வகுக்க இடம் இருக்கிறது என்பதே என் வாசிப்பு.

இந்தக் கரைக்கு எண்ணிக்கை விதிகள் புதியவை அல்ல என்பதைக் கூட்டத்தில் நினைவுபடுத்தியவர்கள் பெண்கள். வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ராமேசுவரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும் வழக்கம் அதிலிருந்து வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு அது 45 நாளாக இருந்தது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட கணக்கு. தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி சேகரித்த பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு என்று முடிவு செய்தார்கள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளையும் கைவிட்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்த பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது பெற்றார். “பாசிக்கு நாங்கள் நாள் எண்ணினோம். தூண்டிலுக்கு இவர்களால் எண்ண முடியாதா?” என்று ஓர் அக்கா கேட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

மற்ற கரைகளின் கணக்கு

பிற நாடுகளில் இதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று படித்து, கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். ஒரே கேள்விக்கு இத்தனை வகை விடைகள் இருப்பதே பலருக்கு வியப்பாக இருந்தது.

ஏரிகள் நிறைந்த அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவில் திறந்த நீரில் ஓர் ஆளுக்கு ஒரே தூண்டில் என்பது நெடுங்கால விதி. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனியில் துளை போட்டுப் பிடிக்கும்போது மட்டும் இரண்டு. கலிபோர்னியாவில் பொதுப் பாலங்களில், அதாவது நம் ஜெட்டி போன்ற இடங்களில், ஒருவர் இரண்டு ராடுக்கு மேல் போடக்கூடாது. கடலில் பாறை மீன் பிடிக்கப் போனால் ஒரு நூல், அதில் இரண்டு முள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உப்புநீரில் நான்கு தூண்டில் வரை அனுமதி. ஆனால் ஒரு தூண்டிலில் எத்தனை முள் என்பதற்கும் வரம்பு உண்டு. இங்கிலாந்தில் நன்னீர்த் தூண்டிலுக்கு உரிமம் வாங்க வேண்டும். சாதாரண உரிமம் ஒன்றுக்கு இரண்டு ராடு. பல ராடுகள் வைத்தால் முதல் ராடின் அடிக்கும் கடைசி ராடின் அடிக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதோடு, எந்த ராடையும் கவனிப்பாரின்றி விட்டுப்போகக்கூடாது.

ஒன்று, இரண்டு, நான்கு என்று எண் மாறிக்கொண்டே போகிறது. அந்தந்த நீர்நிலையில் மீன் எவ்வளவு, போட்டி எவ்வளவு, இடம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறத்தான் செய்யும். இங்கிலாந்தின் மூன்று மீட்டர் மட்டும் எனக்கு வேறு விதமாகப் பட்டது. அது மீனை எண்ணவில்லை, மனிதனின் கை எட்டும் தூரத்தை அளக்கிறது. ஒருவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தால் எந்த ராடையும் தொட முடிய வேண்டும் என்பது அதன் கணக்கு. நம் ஜெட்டியில் நடந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து யாரோ எழுதியது போல இருந்தது.

இதில் மீனின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆள் இல்லாத தூண்டிலில் மீன் இரையைக் கொத்திய பிறகு நிதானமாக விழுங்கிவிடும். முள் உதட்டில் மாட்டாமல் குடல் வரை போய்விடும். சிறிய களவா மாட்டினால் திருப்பி விட வேண்டும் என்று நல்ல மனதோடு நினைக்கிறவர்கூட, முள்ளைப் பிடுங்கும்போது அதைக் கொன்றுவிடுகிறார். களவா மெதுவாக வளரும் மீன். அதன் இனங்களில் பலவும் பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுபவை. தூண் நிழலில் பிடிபடும் குட்டிகள் அந்த வயதைப் பார்ப்பதே இல்லை. கையில் நூல் இருந்தால் கொத்திய நொடியில் சுண்டலாம், முள் வாயோரத்தில் நிற்கும், குட்டியை உயிரோடு விடலாம்.

மூன்று வரைவுகள்

முதல் வரைவு ஒரே வரி: ஓர் ஆளுக்கு ஒரு தூண்டில். படகுக்காரர்கள் முன்வைத்தது. கேட்க எளிமையாக இருந்தது, எழுதவும் எளிமை. அரை மணி நேரத்தில் உடைந்தது. உடைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, ஊரின் கைத்தூண்டில்காரர்களே. அவர்களில் பெரும்பாலோர் அடித்தரையில் கிழங்கானுக்கு ஒன்று, தக்கை கட்டி முரலுக்கு ஒன்று என்று இரண்டு போடுகிறவர்கள். ஒன்றுக்கு வெட்டினால் அவர்கள் வீட்டுக் குழம்பைத்தான் முதலில் வெட்டுகிறோம். விரல் அறுபட்ட முதியவரே இதை எதிர்த்தார். “ஒரு தூண்டில்தான் என்றால் அவன் அதில் பத்து முள் கட்டுவான், நான் ஒரு முள்ளோடு நிற்பேன்” என்றார். கானாங்கெளுத்திக்கு இறகு கட்டிய முள்களைச் சரமாகத் தொங்கவிடும் தூண்டில் ஒன்று இருக்கிறது. ஒரே நூலில் ஆறும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அதை ஒன்று என்று எண்ணிவிட்டு, ஒற்றை முள் கைத்தூண்டில் இரண்டை விதிமீறல் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது வரைவு அதனால் இரண்டையும் எண்ணியது: ஓர் ஆளுக்கு இரண்டு தூண்டில், இரண்டிலும் சேர்த்து ஆறு முள். வெளியூர்க்காரர்களையும் இந்த முறை அழைத்திருந்தோம். அவர்கள் எதிர்க்கவில்லை, ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் ஒருவர் மூன்று சிறு பிள்ளைகளோடு வந்து எட்டு ராடு நிறுத்தினார். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு, கணக்கு சரி. பிள்ளைகள் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வீட்டில் படுத்திருக்கும் மாமியாரின் பெயரில் இரண்டு. எழுத்தில் எந்தத் தவறும் இல்லை, ஜெட்டி பழையபடி அடைந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் ஓர் இளம் படகோட்டி கேட்ட கேள்வியைப் பதிவு செய்ய வேண்டும். “இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போ என்று 2017இல் அரசாங்கமே திட்டம் போட்டது. சூரை மீனுக்கு நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் கட்டுகிற படகுக்கு மானியம் தருகிறார்கள். நாம் இங்கே ஆறு முள்ளுக்கு மூன்று கூட்டம் போடுகிறோமே, அண்ணே?” கூட்டம் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குக் கேட்கவும் இல்லை. முள்ளின் எண்ணிக்கை தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆழ்கடலில் ஒரு படகு, அதில் ஆட்கள், அவர்கள் போட்டு அவர்களே எடுக்கும் கயிறு. பாக் நீரிணையின் அடித்தரையை வாரும் இழுவை மடிக்கு அது மாற்று. ஜெட்டியில் இருப்பதோ நூறு பேருக்குப் பொதுவான சில அடி இடம். அங்கே தட்டுப்பாடு இடத்துக்கும் கவனத்துக்கும்தான்.

மூன்றாவது வரைவை இந்த எண்ணத்தோடு எழுதினேன். எண்ணிக்கை அப்படியே இருந்தது: இரண்டு தூண்டில், ஆறு முள். அதற்கு மேல் நான்கு வாக்கியங்கள் சேர்ந்தன. தூண்டில் தண்ணீரில் இருக்கும் வரை அதற்கு உரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கே போவதானாலும் சுற்றி எடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருவரின் இரண்டு தூண்டிலும் அடுத்தடுத்த இரண்டு கைப்பிடித் தூண்களுக்குள் அடங்க வேண்டும். தானே பிடித்து நிற்க முடிகிறவர்களுக்கே கணக்கு, பெயருக்கு வந்தவர்களுக்கு இல்லை.

கைப்பிடித் தூணை அளவாக வைத்ததில் எனக்கு மிகுந்த திருப்தி. மீட்டரில் எழுதியிருந்தால் டேப் கொண்டுவர வேண்டும், டேப் வந்தால் சண்டையும் வரும். தூண் எல்லாருக்கும் தெரிகிறது. சிறுவன்கூடப் பார்த்துச் சொல்லலாம். பாசிக்கு அமாவாசையையும் பௌர்ணமியையும் வைத்தது போலவே, மறைக்க முடியாத ஓர் அளவு.

அபராதம் வேண்டும் என்று ஒரு தரப்பு கடுமையாக வாதிட்டது. நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். ஜெட்டி அரசுச் சொத்து. அதில் நிற்கும் ஒரு குடிமகனிடம் ஊர்க் கமிட்டி பணம் வசூலித்தால் அது கட்டப்பஞ்சாயத்து. முதல் புகாரிலேயே விதி செத்துப்போகும், கமிட்டிக்காரர்கள் வழக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள். ஊர் செய்யக்கூடியது வேண்டுகோள், பலகை, நேரில் போய்ச் சொல்வது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் வேண்டுமென்றால் கிராம சபைத் தீர்மானமாக்கி உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படித்தான் செய்தோம். மனு கொடுத்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. இரண்டு முறை நேரில் போனபோதும் படகு சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். சட்டம் படகை மட்டுமே பார்த்துப் பழகினால் மேசைகளும் அப்படியே பழகிவிடுகின்றன. இது எனக்கு வருத்தம்தான்.

இரவில் கட்டிவைத்த தூண்டில்

மூன்றாவது வரைவு நிறைவேறியதும் வெளியூர்க்காரர்களோடு இருந்த பிரச்சினை பெரும்பாலும் அடங்கியது. உண்மையான சோதனை அதற்குப் பிறகு, ஊருக்குள்ளிருந்து வந்தது.

சாயங்காலம் நான்கைந்து தூண்டிலை ஜெட்டித் தூணில் கட்டிவிட்டுப் போய், விடியற்காலையில் வந்து எடுப்பது இங்கே பழைய பழக்கம். கை எட்டும் தூரம் என்ற வாக்கியத்தின்படி இது அப்பட்டமான மீறல். முதலில் யாரும் இதைப் பேசவே விரும்பவில்லை. ஊர்க்காரர்களின் பழக்கத்துக்கு விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார்கள். சேர்த்திருந்தால், அடுத்த ஞாயிறு அந்த இளைஞர் வந்து பலகையைப் படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டிவைக்கிறவர்களில் ஒருவர் தனியாக வாழும் மூத்த பெண்மணி. அவர் என்னிடம் சொன்னது: “தம்பி, ராத்திரி முழுக்க நான் ஜெட்டியில் உட்கார முடியுமா? நாலு தூண்டில் கட்டினால் இரண்டு மீன் கிடக்கும். ஒன்று குழம்புக்கு, ஒன்று காசுக்கு.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டுக்குப் பிடிக்கிறவருக்கும் வயிற்றுக்குப் பிடிக்கிறவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சமமாகத் தெரியும், நியாயமாக இருக்காது. இந்தக் கவலையோடு விவாதம் பல நாள் இழுத்தது.

முடிவை நெருங்க வைத்தது ஓர் ஆமை. ஒரு விடியலில் கட்டிவைத்த தூண்டில் ஒன்றில் இளம் பேராமை மாட்டிக் கிடந்தது. நூல் துடுப்பில் சுற்றி, தூணோடு இறுகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்திருக்கும். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இளைஞர்கள் இறங்கி நூலை அறுத்து விட்டார்கள். கடலாமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். யாருடைய தூணில் செத்துக் கிடக்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மூத்த பெண்மணியை வழக்கில் நிறுத்துவதா? அவருக்காகத்தான் விதிவிலக்கு கேட்டோம் என்றால், அந்த விதிவிலக்கே அவருக்கு ஆபத்து.

கட்டுத்தூண்டில் ஜெட்டியில் கூடாது, யாருக்கும் கூடாது என்று முடிவானது. அதற்கு ஈடாக, உள்பக்கத்துத் தூண்களில் சில இடங்கள் மாலை நேரத்தில் ஊர் முதியவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. வெளியூர்க்காரர்கள் கேட்டவுடன் விட்டுக்கொடுத்தார்கள். எண்ணிக்கையில் சலுகை கொடுக்காமல் இடத்தில் கொடுத்தது சரியான வழி என்றே நினைக்கிறேன். கவனிப்பாரற்ற தூண்டில் யாருடையதானாலும் அறுப்பது ஒரே விதமாகத்தான் அறுக்கும்; நல்ல இடத்தை யாருக்கு முதலில் தருவது என்பதில் ஊர் தன் மனசாட்சியைக் காட்டலாம்.

அந்தப் பெண்மணிக்கு மீன்பாடு குறைந்தது. இதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். இப்போது சனி, ஞாயிறு காலைகளில் ஜெட்டி முகப்பில் வெளியூர்க்காரர்களுக்குச் சூடையும் இறாலும் இரைக்கு விற்கிறார். வாடைக் காலத்தில் அது இரவுத் தூண்டிலைவிடக் கூடுதலாகவே தருகிறது என்கிறார். கச்சான் அடிக்கத் தொடங்கி வெளியூர்க் கூட்டம் நின்றால் அந்த வருமானமும் நிற்கும். அந்த மாதங்களுக்கு ஊர் இன்னும் வழி செய்யவில்லை. செய்ய வேண்டும்.

தீவுப் பக்கம்

ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஜெட்டியில் இரண்டு தூண்டில் என்று பலகை வைத்ததும், தீவுப் பக்கமும் இரண்டு போடலாமா என்று கேட்டு, வள்ளம் வாடகைக்குப் பேச வந்தவர்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டு ஆழமற்ற கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அங்கே பொழுதுபோக்குத் தூண்டிலின் கணக்கு பூஜ்யம். அழைத்துப்போகும் படகுக்காரரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார். இதைப் பலகையின் அடியில் தனி வரியாக எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இருக்கும் நிலை

விதி நடைமுறைக்கு வந்த பிறகு நூல் சிக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மீன் கூடியதா என்று கேட்கிறார்கள். ஒரு ஜெட்டியின் இரண்டு தூண்டில் விதியால் கடலில் மீன் கூடாது. அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. படகுக்காரர்கள் சுழலியில் தங்கூசி சுற்றுவது அருகிவிட்டது என்கிறார்கள். அறுந்த நூலைப் போட ஒரு குப்பைத் தொட்டி வேண்டும் என்று கேட்டு, தாங்களே வாங்கி வைத்தவர்கள் மதுரைக் குழுவினர். ராடு வைத்திருந்த அந்த இளைஞரும் அவர்களில் ஒருவர். விரல் ஆறிய முதியவர் அவருக்குக் கைத்தூண்டில் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சுட்டுவிரல் மட்டும் முழுவதும் மடங்கவில்லை.

தீராமல் இருப்பது கணவாய். இரவில் விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கிறவர்கள் பயன்படுத்தும் முள்ளில், இறால் போன்ற ஒரு பொம்மையின் வாலைச் சுற்றிக் கூர்முனைகள் கிரீடமாக இருக்கும், சிலவற்றில் இரண்டு அடுக்கு. முனைகளை எண்ணினால் ஒரே பொம்மையில் ஆறைத் தாண்டிவிடும், பிடிப்பவர் விதியை மீறியவர் ஆகிவிடுவார். பொம்மையை ஒரு முள்ளாகவே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கையில் பிடித்து இடைவிடாமல் சுண்டிக்கொண்டே இருந்தால்தான் கணவாய் வரும். கவனிப்பு அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. படகுக்காரர்களில் சிலர் இதற்கு ஒப்பவில்லை. விளக்கு வெளிச்சம் இரவில் துறைக்குள் வரும் படகுகளின் கண்ணைக் கூசவைக்கிறது என்பது அவர்கள் குறை. அந்தக் குறை நியாயமானது, ஆனால் அது முள்ளைப் பற்றியது இல்லை. விளக்கை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தனியாக எழுத வேண்டும். வாடை தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. இரண்டு வரிகளையும் எழுதி வைத்திருக்கிறேன்.